அண்ணன் வந்துவிட்டதாகச் சொன்ன பாடம்

பத்தாம் வகுப்பில் உலக வரலாறும் இலக்கியமும் ஒரே பாடம். அன்று போரைப் பற்றிய பாடத்தில், அகதி முகாம் மாணவி சுகிர்தாவின் அம்மா எழுதிய கவிதை திரையில் ஓடியது. பிள்ளைகளின் மனநிலையை அளக்கும் கைப்பட்டைகள் துக்கம் அளவு மிஞ்சியதாகக் காட்டியதும், திரை வழக்கம்போலக் கவிதையின் முடிவைத் தானே மாற்றிக்கொண்டது. காணாமல்போன மகன் சிரித்தபடி வீடு வந்து சேர்ந்தான்.

சுகிர்தா எழுந்து நின்றாள். “டீச்சர், அண்ணா வரவேயில்லை. அவரைத் தேடச் சொல்லி அம்மா குடுத்த மனுவையும் நேற்று முகாம் ஆபீசில மூடிப்போட்டினம். அவர் வந்திட்டார் எண்டு பாடத்திலயே இருக்காம்.”

ஆசிரியை தமயந்திக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மூன்று வருஷமாக இதே முடிவைத்தான் அவளும் நடத்தியிருந்தாள். சட்டென்று திரையை அணைத்தாள்.

“அம்மா எழுதினது உனக்குத் தெரியும்ல? நீயே சொல்லு.”

சுகிர்தா சொல்லச் சொல்ல முப்பது பட்டைகளும் அலறின. தலைமையாசிரியர் வாசலுக்கு ஓடிவந்தார். “நிறுத்துங்க மேடம்! பிள்ளைங்க அழுறாங்க.”

“அழட்டும் சார்! ஒரு பையன் வீட்டுக்கு வரலை. அழாம வேற என்ன செய்யணும்?”

அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.

“நீ சொல்லும்மா. முதல்லேர்ந்து சொல்லு.”