உங்க இஷ்டம்

"இது சுவரா, இல்ல யாராவது வாந்தி எடுத்து வெச்சதா?"

என் மனைவி கூடத்தின் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றாள். நான் ஏணியின் மேல், பிரஷ்ஷும் கையுமாக.

கீழே பெயின்ட் கலக்கிக்கொண்டிருந்த என் கூட்டாளி, நமக்கெதற்கு வம்பு என்று வாளியோடு வாசலுக்கு நழுவிவிட்டான்.

நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். உள்ளுக்குள் ஒரே வேண்டுதல்தான். இன்னும் கொஞ்சம் திட்டு, தாயே, இன்னும் கொஞ்சம்.

அவசர சிகிச்சைப் பிரிவில் தலைமை நர்ஸ் அவள். பெரிய டாக்டர்களே அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். வீட்டிலும் என் சட்டை முதல் பிள்ளைகளின் செருப்பு வரை அவள் வைத்ததுதான் சட்டம். லீவு போட்டவர்களின் ஷிப்டையெல்லாம் இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டவள், ஒருநாள் மருத்துவமனை வாசல்வரை போய், உள்ளே கால் வைக்க முடியாமல் அழுதுகொண்டே திரும்பி வந்தாள்.

நீண்ட விடுப்பு. தூக்கம் வந்தது, பசியும் வந்தது. அவள்தான் வரவில்லை.

என்ன சமைக்கலாம், எங்கே போகலாம், ஜன்னலைத் திறக்கவா வேண்டாமா, எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "உங்க இஷ்டம்." ஒரு காலத்தில் அந்த வார்த்தைக்கு ஏங்கியவன்தான் நான். இப்போது அதைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

"ஊரான் வீட்டுக்கெல்லாம் அழகா அடிக்கறீங்க, சொந்த வீட்டுக்கு இதுவா? எனக்கு வெளிர் பச்சை வேணும். இன்னிக்கே மாத்தணும்!"

எனக்கு வேணும். இந்த வீட்டில் அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

சொல்லிவிட்டு விடுவிடுவென்று உள்ளே போனாள். மருத்துவமனைத் தாழ்வாரமே ஒதுங்கி வழிவிடும் அதே நடை. பெருமையில் நான் ஏணியிலிருந்து குதிக்காத குறை.

கூட்டாளி மெல்லத் தலையை நீட்டினான். "மூணாவது தடவைண்ணே. தொழிலுக்கே அவமானம்."

உண்மைதான். முதல் இரண்டும் சகிக்க முடியாத நிறங்கள். இரண்டுக்கும் "உங்க இஷ்டம்" என்றுவிட்டாள்.

அதனால்தான் இந்த முறை கடைக்காரரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: பார்த்த மாத்திரத்தில் யாருக்கும் கோபம் வருகிற நிறம் எது?