இன்னொரு குறையும் இருக்கு

"இன்னொரு குறையும் இருக்கு சார். அதையும் பாத்துடுங்க."

வாங்க வந்தவர் பர்ஸைப் பாதி வெளியே எடுத்துவிட்டார். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

முற்றத்தில் நின்றது ஒரு பழைய டிரெய்லர். ஜீப்புக்குப் பின்னால் மாட்டி, குதிரையை ஏற்றிக்கொண்டு போவது. குதிரை ஏறுகிற சாய்வுப் பலகையைக் காட்டி அவள் புருஷன் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"நடுவுல பள்ளம் தெரியுதா? எங்க குதிரை ஏறுறதுக்கு முன்னாடி இதே இடத்துல முன்னங்காலால ரெண்டு தட்டு தட்டும். தட்டித் தட்டியே பள்ளமாயிடுச்சு. மழை பெஞ்சா இடது மூலை ஒழுகும். பின்பக்க விளக்கு நினைச்சா எரியும்."

பர்ஸ் உள்ளே போனது.

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன் சார்."

போனவர் போனவர்தான். இப்படி எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணுவதையே அவள் விட்டுவிட்டாள்.

கடை கடையாகப் போய் எடைக்கல்லைச் சோதிக்கிற உத்தியோகம் அவள் புருஷனுக்கு. அதனால் ஊரில் அவர் பெயரே 'தராசு'. கல்யாணப் பேச்சு நடக்கும்போதே, "நான் குறட்டை விடுவேன், இப்பவே சொல்லிட்டேன்" என்று எல்லார் முன்னாலும் அறிவித்த மனுஷன்.

"ஏங்க, குறையைச் சொல்லுங்க, வேணாங்கல. அதுக்காக இப்படித் தேடித் தேடியா சொல்லுவாங்க?"

"மறைச்சு விக்கற புத்தி எனக்குக் கிடையாது."

அவளுக்குக் கவலை பணம் இல்லை, மகள்தான்.

துரை, அதுதான் குதிரையின் பெயர், மகளுக்கு உயிர். "அது இருக்கற வரைக்கும் இவ புத்தகத்தைத் தொட மாட்டா" என்று தராசு புலம்பாத நாள் இல்லை. அம்மாவும் மகளும் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பினால், லாயம் காலி.

"திடீர்னு வயித்துவலி. டாக்டர் எவ்வளவோ பாத்தார், காப்பாத்த முடியல" என்றார் தராசு, தலையைக் குனிந்துகொண்டு. அன்றைக்கு அவரும் சாப்பிடவில்லை. பாவம், வெளியேதான் கறார், உள்ளே பச்சைப் பிள்ளை என்று அவளுக்கு மனசு உருகிவிட்டது.

அன்றிலிருந்து மகள் தினமும் அந்த டிரெய்லருக்குள் போய் உட்கார்ந்து அழுகிறாள். அது கண்ணை விட்டு ஒழிந்தால்தான் பிள்ளை தேறும். அம்மா எடுத்துச் சொல்லி, கடைசியில் மகளே விளம்பரம் எழுத உட்கார்ந்தாள். 'எங்கள் குதிரை இறந்துவிட்டதால் விற்கிறோம்.'

"காரணமெல்லாம் எதுக்கும்மா? விற்பனைக்குன்னு மட்டும் போடு" என்றார் தராசு.

"எதையும் மறைக்கக் கூடாதுன்னு நீங்கதானேப்பா சொல்லுவீங்க?"

தராசு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒருவர் போன் செய்தார். அம்மாதான் எடுத்தாள்.

"குதிரையோடவே வரேம்மா. பக்கத்து ஊர்தான், நடத்தியே கூட்டிட்டு வந்துடுவேன். எந்த டிரெய்லரைக் காட்டினாலும் ஏற மாட்டேன்னு அடம் பிடிக்குது. எதுல ஏறுதோ அதை வாங்கிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"தாராளமா வாங்க."

அவள் நேராகப் புருஷனிடம் போனாள். "இன்னைக்கு ஒரு குறை உங்க வாயிலேர்ந்து வந்துது, அப்புறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

சாயங்காலம் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் டீ போட்டபடியே காதைத் தீட்டிக்கொண்டாள்.

"வித்தாச்சு சார்." புருஷனின் குரல்.

டீ கலக்கிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"நேத்தே ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துட்டார். நீங்க கிளம்புங்க. சீக்கிரம் கிளம்புங்க."

அட, இந்த மனுஷனுக்குப் பொய்கூட வருமா! அதுவும் இவ்வளவு சரளமாக!

"அப்படியா சார்? அடடா, நடந்து வந்ததெல்லாம் வீணா... ஏய், நில்லு! எங்க இழுக்கற? நில்லுன்னா!"

டொக். டொக்.

பக்கத்து அறையில் மகளின் கையிலிருந்து புத்தகம் விழுந்தது. அம்மாவும் மகளும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் ஓடினார்கள்.

டிரெய்லருக்குள் ஏறி, பக்க ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு ஜம்மென்று நின்றது குதிரை. மகளைப் பார்த்ததும் கனைத்தது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "துரை, துரை" என்று விம்ம ஆரம்பித்தாள்.

கூட்டி வந்தவருக்கு இதெல்லாம் கண்ணில் படவே இல்லை. அவருக்கு அவர் சந்தோஷம்.

"அதுவா ஏறிடுச்சும்மா! நான் கையே வெக்கல! யாரோ ஒரு ஆபீசர் வித்துட்டுப் போனதுன்னு தரகன் என் தலையில கட்டினான். இன்னைக்கு வரைக்கும் ஒரு டிரெய்லர்லயாவது கால் வெச்சிருக்குமா? சார், அந்த அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துடுங்க. எனக்கே வேணும். ஆமா, விளம்பரத்துல போட்டிருந்தீங்களே... உங்க குதிரை எப்படி சார் செத்துச்சு?"

தராசு பின்பக்க விளக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அன்றைக்குப் பார்த்து நன்றாக எரிந்தது.

மனைவி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"சொல்லுங்க. இன்னொரு குறையும் இருக்குல்ல?"