போயிட்டு வரேன்

காபித் தட்டை வைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன். சின்ன மேசையின் லேஸ் துணிக்குப் பின்னால் பச்சையாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

என் அறையில் இருக்க வேண்டிய ஆம்ப்ளிஃபயர். சந்தையில் வாங்கினது, உள்ளங்கை அகலம்.

சுவரோரம் அப்பா செய்த பெரிய ஆம்ப்ளிஃபயர். அதன் கண்ணாடிக் குழாய் வால்வுகள் நாலும் ஆரஞ்சு நிறத்தில் எரிந்தன. லுப்லியானாவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த வியாபாரி போகொமிர் கண்ணை மூடிப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். பாட்டு அதிலிருந்துதான் வருகிறது என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

சமையலறைக்குப் போனேன். அம்மாவின் முகமே சொல்லிவிட்டது.

விருந்தாளி வருகிறாரே என்று, எரிகிற வால்வை ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள். கண்ணாடி விரிசல் விட்டுவிட்டது. அப்பா அப்போது அவரை அழைத்துவரப் பஸ் நிலையத்துக்குப் போயிருந்தார். அந்த வால்வுக்கு மாற்று கிடையாது. செத்த வால்வுகளை அப்பா தூக்கிப்போட மாட்டார், ஒரு டப்பாவில் வைத்திருப்பார். அதிலிருந்து ஒன்றை எடுத்துச் செருகிவிட்டாள். அது எரியும், பாடாது. பிறகு வயர்களை எல்லாம் என்னுடையதற்கு மாற்றிவிட்டாள். தரையைத் தொடும் துணி அந்த ஒரு மேசைக்குத்தான் உண்டு. விருந்தாளி நாற்காலியும் அதன் பக்கத்தில்தான்.

"மூச்சு விடாதடீ," என்றாள். "இன்னிக்கு இவரு எடுத்துக்கலன்னா உங்கப்பா வெளிநாட்டுக்கு, லின்ஸுக்கு லாரி ஓட்டப் போறாரு. பெட்டி கட்டியாச்சு, பாத்தியா?"

பார்த்திருந்தேன். கட்டிலுக்கு அடியில் இருந்தது.

அப்பா கடை போட்டதில்லை, விளம்பரம் கொடுத்ததில்லை. விலையைக் குறைத்தால் இத்தனை நாள் ஏமாற்றினதாக ஆகிவிடும் என்பார். ஆளை வீட்டுக்கு வரவழைப்பார். காபியும், மாவுச் சர்க்கரையில் புரட்டின ரத்லுக் மிட்டாயும் கொடுப்பார். ஒரே ஒரு ரெக்கார்டு போடுவார். அவ்வளவுதான் வியாபாரம். அதில்தான் நாங்கள் பிழைத்தோம், போன வருடம் வரை.

திரும்பி வந்து கதவோரம் நின்றேன். போகொமிர் ரத்லுக்கை எடுத்துக் கடித்தார். மீசையெல்லாம் வெள்ளை. எங்களில் யாரும் அதைத் தொடவில்லை. விருந்தாளிக்கென்று வாங்கினது.

"இத்தன நாள் எங்கிட்ட பாடாத பாட்டு இது," என்றார் அப்பா, ரொம்ப மெதுவாக.

அதைக் கேட்கத்தான் என்னால் முடியவில்லை.

அப்போது அவர் கை சுவிட்சுக்குப் போனது.

கடைசியில் எப்போதும் இதைச் செய்வார். பாட்டு நடுவிலேயே அணைத்துவிடுவார். வால்வுகளின் சூடு ஆற ஆறப் பாட்டும் தேய்ந்து அடங்கும். அதைக் கேட்டபின் வாங்காமல் போனவர்கள் குறைவு.

அம்மா இதை மறந்துவிட்டாள். நானும்.

"மத்ததெல்லாம் கன்னத்துல அறைஞ்ச மாதிரி நின்னுபோகும்," என்றார் அப்பா. "நம்மளுது போயிட்டு வரேன்னு சொல்லிட்டுத்தான் போகும்."

அணைத்தார்.

வால்வுகள் மங்கின. பாடகி மங்கவில்லை. முழுத் தொண்டையில் அடுத்த வரியைப் பிடித்தாள்.

அப்பா தலையைச் சாய்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

அப்புறம் பாட்டு தேய்ந்தது. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக. ரெக்கார்டு மட்டும் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

போகொமிர் கண்ணைத் திறந்தார்.

"வருஷத்துக்கு ஆறு குடுங்க, ஷிவோட்டா," என்றார் அப்பாவிடம். "ஆனா எல்லாம் புதுசா செஞ்சு குடுங்க. இது இங்கயே இருக்கட்டும்."

இதுவும் நன்றாகத்தானே பாடுகிறது என்று அப்பா இழுத்தார். அதைவிட நன்றாகச் செய்ய உங்களுக்குத் தெரியும் என்று சொல்லி, அவர் தோளைத் தட்டிவிட்டு எழுந்தார் போகொமிர். வாசலில் என்னைப் பார்த்து, போயிட்டு வரேன் என்றார்.

அப்பா அவரைப் பஸ் ஏற்றப் போனதும் அம்மா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"எப்படிடீ அவ்வளவு பதமா கொறச்சே?"

நான் கதவோரத்தை விட்டே நகரவில்லை அம்மா, என்றேன்.

இரண்டு பேரும் குனிந்து லேஸ் துணியைத் தூக்கினோம்.

சத்தம் குறைக்கும் கறுப்புத் திருகு கடைசி வரை திரும்பியிருந்தது. அதன்மேல் வெள்ளையாக, மாவுச் சர்க்கரையில் இரண்டு விரல் தடம்.