இலை ஊதுத மிசினு

ஏலே, எல்லாரும் உக்காருங்க. பேச்ச நிப்பாட்டுங்க. அந்தச் சுத்தியல கீழ வைலே, நீ தட்டுத தட்டுல நான் சொல்லுதது எடுபடாது.

நேத்து நம்ம பேட்டை ரிப்பேர்க் கடைக்கு சுந்தர்ராமன் சார்வாள் வந்தாரு. ரிட்டயர்டு ஹெட்மாஸ்டரு. ஆத்தங்கரைக் கோயில் கமிட்டிக்குச் செயலாளரு. நடையப் பாத்தா, இந்தா இப்படி, ரோட்டுக்கே மார்க்கு போட வந்தவரு மாதிரி இருக்கும். சிரிக்காதீங்கவே. நான் கோவத்துல இருக்கேன்.

அவரு ஆட்டோவுல வந்து இறங்கிட்டாரு. கோயில் வெளிப்பிரகாரம் கூட்டுத இசக்கித்தாய் நாலு மைலு நடந்து வந்தா. ரெண்டு பேரும் ஒரே எடத்துலேர்ந்துதான் பொறப்பட்டிருக்காக. அவ வந்து சேருத வரைக்கும் சார்வாள் வாயத் தொறக்கல. ஏசுததுக்கு ஆளு முன்னால நிக்கணும்லா.

மேசையில ஒரு மிசின வச்சாரு. பச்சக் கலரு, தும்பிக்க மாதிரி ஒரு குழாயி. பேட்டரியில ஓடும், காத்த ஊதி இலைய ஓரமாத் தள்ளும். மகன் ஸ்ரீராகவ் அமெரிக்காவுலேர்ந்து கோயிலுக்குக் கொண்டாந்து குடுத்ததாம். மூணு வாரம் இசக்கித்தாய் கையில ஊதிட்டு, இப்பம் செத்துக் கெடக்கு. ஞாயித்துக்கிழம மகன் போன் போட்டு, மிசினு எப்படி ஓடுதுப்பான்னு கேட்டிருக்கான். இவரு பேச்ச மாத்திட்டாரு.

"பாய், இத இவதான் கெடுத்தா"ன்னாரு.

மிசினு வந்துட்டா இவ விளக்கமாத்துக்கு வேல இல்லியாம். அதனால வேணும்னே கெடுத்துட்டாளாம். ஆள் கெடுத்ததுதான்னு நான் பில்லுல ஒரு வரி எழுதித் தரணுமாம். சாயந்தரம் கமிட்டி கூடுது. அந்தச் சீட்டக் காட்டுனா நாளையிலேர்ந்து இவளுக்கு வேல கெடையாது.

"பதினெட்டு வருஷமா சோறு போட்ட கோயிலுக்கே துரோகம் பண்ணிருக்கா, பாரும்."

இசக்கித்தாய் வாசப்படிக்கு வெளியவே நின்னா. ஸ்டூலப் போட்டேன், உக்காரல. உள்ளதச் சொல்லுதேன், எனக்கும் சந்தேகந்தான். என் வேலையப் பிடுங்க ஒரு மிசினு வந்தா நான் அதக் கொஞ்சவா செய்வேன்?

மொதல்ல, இவ கீழ போட்டு ஒடச்சிருக்கான்னாரு. திருப்பித் திருப்பிப் பாத்தேன். ஒரு கீறல் இல்ல. நம்ம கடையில ஒரு சாமான் இப்படி இருக்கா?

அப்பம் பிரகாரம் கழுவுறச்சே தண்ணிய விட்டிருப்பான்னாரு. திருப்புளியப் போட்டுக் கழத்துனேன். உள்ள ஒரு பொட்டு ஈரம் இல்ல, துரு இல்ல. மோட்டாரு வயர் ரெண்டையும் வாசல்ல நின்ன பைக்கு பேட்டரியில தொட்டேன் பாருங்க. ஒரே ஊது. மேசையில கெடந்த இரும்புத்தூளு, பீடிச் சாம்பலு எல்லாம் நேரா சார்வாள் மேல. ரெண்டு கையாலயும் வேட்டியப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு, இந்தா இப்படி.

"மோட்டாரு நல்லா இருக்கு சார்வாள்."

"பேட்டரிய என்னமோ பண்ணிருக்கா ஓய்"ன்னாரு, மூஞ்சியத் தொடச்சிக்கிட்டே.

பேட்டரிய மீட்டர்ல வச்சேன். காலி. நம்ம கடை சார்ஜர்ல ஒரு மணி நேரம் போட்டேன். டீ சொன்னேன். அவரு வேண்டாம்னுட்டாரு, இசக்கித்தாய் குடிச்சா. பேட்டரி நல்லா ஏறிட்டு. மிசினுல மாட்டுனேன், ஓடுது.

மிச்சம் அவரு கொண்டாந்த சார்ஜர்தான். பிரிக்கும்போதே கருகல் நாத்தம். உள்ள காயிலு கரிக்கட்ட. அமெரிக்கா சாமான்லா, நூத்திப்பத்து வோல்டுதான் தாங்கும். நம்மூரு கரண்டு இருநூத்தி முப்பது. நடுவுல கொறச்சிக் குடுக்க ஒரு பெட்டி மாட்டணும். மாட்டாம நேரா சுவத்துல சொருகுனா, அத்தோட கத முடிஞ்சுது. மூணு வாரம் ஒழுங்கா மாட்டியிருக்காக, ஒரு நாளு மறந்துட்டாக. அவ்வளவுதான்.

இதத்தான் அவர்ட்டச் சொன்னேன். வேணும்னு கெடுத்தது இல்ல சார்வாள், மறதியில வந்தது, சார்ஜர மாத்திட்டா மிசினு ஓடும்னேன்.

அவரு மொகம் வெளுத்துட்டு. ஒரு நிமிசந்தான். பொறவு பழையபடி மேசையத் தட்டுதாரு.

"நான் சொல்லலே? பெட்டிய நான் ஒரு நாளும் மறந்தது கெடையாது. இவதான் எங்காத்துக் கூடத்துல, பெட்டி இல்லாம, நேரா சுவத்துல சொருகிட்டா. எழுதும் பாய். எழுதிக் கையெழுத்துப் போடும்."

நான் பேனாவக் கையில வச்சிக்கிட்டு இசக்கித்தாயப் பாத்தேன். அவ டீ கிளாஸக் கீழ வச்சா. பையப் பையப் படி ஏறி உள்ள வந்து, மேசைக்கு முன்னால நின்னா. சத்தமே கூட்டல.

"மிசினக்கூட வாசல்ல வச்சிட்டு, நீங்க தள்ளிப் போன பொறவுதான எடுத்துக்கச் சொல்லுவீக. இந்தப் பதினெட்டு வருசத்துல ஒரு நாளாவது என்ன உங்க வீட்டுக்குள்ள விட்டிருக்கீகளா, சாமி?"