மார்கழி வலி

"விரல்ல ஒரு வலியும் இல்லை டாக்டர். வேலை செய்ய உடம்பு வளையலை, அவ்வளவுதான்!"

பங்கஜம் போட்ட போட்டில் மருமகள் ஜானு கூசிப்போனாள். மயிலாப்பூர் வீட்டோடு இருந்த மானம் இப்போது அடையாறு வரை வந்து கப்பலேறிவிட்டது.

மாமனார் ஸ்ரீரங்கன் 'அப்படிச் சொல்லு' என்பது போல் தலையாட்டினார். வலி பொய்யென்று தெரிந்தால் அவளைப் பிறந்தகத்தில் கொண்டு விட்டுவிடுவது என்று அவர் முடிவே கட்டியிருந்தார். புருஷன் ரகுபதிக்கு நாக்பூர் தந்தி ஆபீசில் வேலை. அப்பா கிழித்த கோட்டைத் தாண்டுகிற பிள்ளையும் இல்லை.

"எப்பல்லாம் வலிக்குதும்மா?" டாக்டர் தனபாலன் ஜானுவைத்தான் கேட்டார். பதில் பங்கஜத்திடமிருந்து வந்தது.

"மார்கழி விடியக்காலம் வாசல் தெளிக்கச் சொன்னா வலிக்கும். கிணத்துத் தண்ணியில பாத்திரம் தேய்க்கச் சொன்னா உயிரே போயிடும். வெயில் ஏறிடுத்தோ, ஜம்முனு உட்கார்ந்து பூத்தொடுப்பா!"

"அப்புறம்?"

"போர்வை நுனி பட்டாக்கூட அலறுவா. எப்பவும் அதே ஒரு இடத்தைத்தான் காட்டுவா. நகத்துல ஊதாவா ஒரு பொட்டு தெரியறது பாருங்கோ, மை தடவிண்டிருக்காளோ என்னமோ!"

டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கண்ணை மூடிக்கம்மா."

குண்டூசியின் கொண்டையால் நகத்தை அங்கங்கே அழுத்தினார். ஓரத்தில் ஒன்றுமில்லை. நடுவிலும் ஒன்றுமில்லை. ஊதாப் பொட்டைத் தொட்டதும் "அம்மா!" என்று துள்ளிவிட்டாள். இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அங்கேதான் துள்ளினாள்.

அடுத்து, கையை உயரத் தூக்கச் சொல்லி, ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைப் புஜத்தில் இறுக்கிக் கட்டினார். அதே பொட்டை அழுத்தினார்.

"வலிக்கலை டாக்டர்" என்றாள் ஜானு, தானே நம்பாமல்.

"பார்த்தேளா, பார்த்தேளா!" ஸ்ரீரங்கன் எழுந்தே விட்டார். "இப்ப மட்டும் வலிக்கலையாம்!"

"அதுதான் சார் அத்தாட்சி. ரத்த ஓட்டத்தை நிறுத்தினா இந்த வலி நிக்கும். நடிக்கிறவங்களுக்கு அது எங்க தெரியும்? அப்பவும் கத்துவாங்க."

ஸ்ரீரங்கன் உட்கார்ந்தார்.

"நகத்துக்கு அடியில கடுகத்தனை ஒரு கட்டி. ரொம்ப அபூர்வம். குளிர் பட்டா அப்படித்தான் வலிக்கும். பயப்படாதம்மா, பெரும்பாலும் இது புற்றா இருக்காது. நகத்தைத் தூக்கிட்டு எடுத்துடலாம். எடுத்ததை மைக்ராஸ்கோப்புல வச்சுப் பார்த்தா முழுசா உறுதியாயிடும்."

ஜானு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நம்புவதற்கு ஒரு மனுஷராவது கிடைத்தாரே என்ற அழுகை அது.

டாக்டர் பங்கஜத்தின் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒரு பொம்பளைதானே? இப்படியா வாய் கூசாமப் பேசுவீங்க?"

ஸ்ரீரங்கன் சட்டென்று கட்சி மாறினார். "நன்னாக் கேளுங்கோ டாக்டர்! நான் அப்பவே சொன்னேன், இவ எங்க கேட்டா?"



ஸ்ரீரங்கன் டாக்சி பிடிக்கப் போனார். வாசலில் ஜானு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பங்கஜம் மெதுவாக அவள் கையை எடுத்துத் தன் உள்ளங்கைச் சூட்டில் பொத்தி வைத்துக்கொண்டாள்.

"அவர் வரதுக்குள்ள சொல்லிடறேண்டி. உனக்கு எப்பெப்போ எப்படி வலிக்கறதுன்னு அத்தனையும் டாக்டர் காதுல விழணும்னுதான் பேசினேன்."

"அதுக்கு என்னைப் பொய்க்காரியாக்கணுமாம்மா?"

"மாட்டுப்பொண்ணுக்கு வைத்தியம் பார்க்கணும்னு கெஞ்சிப் பார்த்தேன், மனுஷர் அசையலை. 'அவ நடிக்கறா, டாக்டர் வாயாலேயே சொல்ல வைக்கறேன்'னேன். எனக்கு முன்னால செருப்பை மாட்டிண்டு நின்னார்!"