வழவழத்த ரூபாய்

முத்துப்பேச்சி மறுபடியும் கட்டைவிரலைப் புடவையில் அழுத்தித் துடைத்து, ரேஷன் கடை மெஷினில் வைத்தாள். "கைரேகை இல்லை" என்று மறுபடியும் அதையே சொன்னது அந்தச் சனியன்.

நாணயம் புழக்கத்தில் இல்லாத காலம் அது. பல கைகள் பட்டுத் தேய்ந்த பழைய ரூபாய்க்குப் பணக்காரர்களிடம் அப்படியொரு மவுசு. யார் கையும் படாமல் மூட்டையிலேயே கிடந்த காசுகளைக் கம்பெனி கொடுக்கும். சிங்கத்தின் முகம் மழுங்கும்வரை முத்துப்பேச்சி விரலால் தேய்த்துக் கொடுப்பாள். அதுதான் அவள் பிழைப்பு.

"ரேகையெல்லாம் எங்கக்கா போச்சு?" என்றான் கடைக்காரன் அல்போன்ஸ்.

"கம்பெனிக்காரன்கிட்ட போய்க் கேளு! மாசாமாசம் வாரேன், என் மூஞ்சி தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியுதுக்கா. மெஷினுக்குத் தெரியணுமே."

இடுப்பில் செருகியிருந்த காசை எடுத்து மேசையில் ஓங்கி வைத்தாள். அல்போன்ஸ் அதை ஆசையாகத் தடவினான்.

"அடேயப்பா, என்ன வழவழப்பு! எங்க தாத்தா காலத்துல கார்டைக் காட்டி இந்த ஒண்ணைக் குடுத்தா, ஒரு கிலோ அரிசி போடுவாங்களாம். விரலெல்லாம் கேக்க மாட்டாங்களாம்."

"அப்ப போடு" என்று பையை விரித்துப் பிடித்தாள் முத்துப்பேச்சி.

அல்போன்ஸ் காசைக் கீறல் படாமல் அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

"அடுத்து யாரு, வாங்க" என்றான்.