வீட்டோடு சேர்த்து

புதுச்சேரியில் புதுப்பித்த பழைய வீடுகளைக் குடியிருப்பவர்களோடு சேர்த்தே விற்க வேண்டும் என்பது சட்டம். அங்கே பிறக்கிற பிள்ளையும் வீட்டுக்கே சொந்தம். அதனால்தான் அப்படியொரு வீட்டில் குடியிருந்த மாதங்கி வயிற்றைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, வீடு வாங்க வந்தவர்களுக்குக் காபி கொண்டுவந்தாள். குடியிருப்பவர்களுக்குக் கிடைக்கும் விடுப்பில் அம்மா வீட்டுக்குப் போய்ப் பெற்றுக்கொண்டால் பிள்ளையாவது தப்பிக்கும்.

வந்திருந்த அம்மாள் டம்ளரை வாங்காமல் சிரித்தாள். "எத்தனை மாசம்மா? நடையிலேயே தெரியுதே!"

தரகர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப ஒரு ஆள் கூடுதும்மா. இனிமே இவங்களுக்கு விடுப்பு கிடையாது, பிரசவம் இங்கதான்."

"தலைப்பிரசவம்... அம்மா வீட்டுல..." மாதங்கி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள்.

அந்த அம்மாள் பதறிப்போனாள். தன் வளையல்களைக் கழற்றி மாதங்கியின் கையில் ஆசையாகப் போட்டுவிட்டாள்.

"அழாதடி கண்ணு. இனிமே இதுதான் உனக்கு அம்மா வீடு."